நாற்பத்தைந்து நாள் லீவு

"புருஷன் சபர்ல இருக்காருங்கிறே. அப்புறம் ஒனக்கு எதுக்கு காப்பர்-டி?"

நர்ஸ் ரஞ்சிதா இதை அறைக்குள் வைத்துக் கேட்கவில்லை. சுகாதார நிலையத்தின் வராந்தாவில், மாத்திரைக்குக் காத்திருந்த இருபது பேருக்கு நடுவில் நின்று கேட்டாள். மணமேல்குடிக்குத் தெற்கே, ஈசிஆர் ரோட்டோரம் இருந்த அந்த நிலையத்தில் செவ்வாய்க்கிழமை சுகர், பிரஷர் பார்க்கிற நாள். பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேர் சாமியாவின் தெருக்காரர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போவதைச் சபர் என்றுதான் அந்தத் தெருவில் சொல்வார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் சபரில் இருந்தான். அதனால் ரஞ்சிதா கேட்டதன் அர்த்தம் ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சாமியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இருபதாம் தேதி வாராருங்க. நாப்பத்தஞ்சு நாள் லீவு."

"வரட்டும். வந்தவொடனே ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. அவரு கையெழுத்துப் போடணும்ல?"

"அவரு வந்தப்புறம் அலைஞ்சா நாளாயிருங்க. அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"அதைத்தான் கேக்குறேன். அப்படி என்ன அவசரம்?"

சாமியா பையிலிருந்து மதுரைக் கண் டாக்டரின் சீட்டை எடுத்து நீட்டினாள். ரஞ்சிதா அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"சுகர் உள்ளவங்களுக்கு காப்பர்-டி வைக்கமாட்டோம்மா. உள்ள புண்ணாகிச் சீழ் வச்சிரும். இந்தா, புள்ள உண்டாகாம இருக்க மாத்திரை தாரேன். தினம் ஒண்ணு போடு. அவரு வந்ததும் கூட்டிக்கிட்டு வா, டாக்டர்கிட்ட பேசிக்கலாம்."

மாத்திரை அட்டையை மேசைமேல் போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

சாமியாவுக்கு முப்பத்திரண்டு வயது. மகள் ஹுமா வயிற்றில் இருந்தபோதுதான் சுகர் என்று முதன்முதலில் சொன்னார்கள். பிரசவம் ஆனதும் போய்விடும் என்றார்கள். போகவில்லை. கணவன் வாஜித் குவைத்தில் ஏசி மெக்கானிக். ஹுமா பிறந்த கையோடு போனவன், கொரோனாவில் விமானங்கள் நின்றுவிட, நாலு வருஷம் கழித்துத்தான் ஊருக்கு வந்தான். அந்த லீவில் உண்டானவன் தௌஹீத். வாஜித் குவைத்திலிருந்தே தேர்ந்தெடுத்த பெயர் அது. எட்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்து வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. செத்த பிள்ளையை எட்டு மணி நேரம் வலி எடுத்துப் பெற்றாள். நாலேகால் கிலோ இருந்தான். அடுத்த லீவில் உண்டானது மூன்றாம் மாதமே கலைந்தது. ஆக மூன்று கர்ப்பம், ஒரு பிள்ளை.

இந்த வருஷம் ரம்ஜான் முடிந்த பத்தாவது நாள், மீன் கழுவிக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் கறுப்பு நூல் ஒன்று மிதந்தது. தலைமுடி என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. மறுநாள் அது புகை மாதிரி பரவியது. மதுரையில் இரண்டு தடவை லேசர் வைத்தார்கள். கண் டாக்டர் படத்தைக் காட்டி, கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் கசிகின்றன என்றார். வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. "சுகர் கட்டுக்குள்ள வந்து, கண்ணு ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் கர்ப்பம் வேண்டாம்மா. இப்ப உண்டானா ரெண்டு கண்ணுலயும் வேகமா முத்திரும்" என்று சொல்லிச் சீட்டிலும் எழுதினார். அன்றிலிருந்து மாத்திரையோடு இன்சுலின் ஊசியும் சேர்ந்தது.

அந்தச் சீட்டைத்தான் ரஞ்சிதா படிக்காமல் திருப்பித் தந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், மஃரிப் தொழுகைக்கு முன்னால் வாஜித் போன் பண்ணினான். தினமும் கூப்பிடுகிற நேரம்தான். ஆனால் சலாம்கூடச் சொல்லவில்லை.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன் மச்சான். செவ்வாக்கெழமைதானே, மாத்திரை வாங்க."

"மாத்திரை மட்டுந்தான் வாங்கப் போனியா?" அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "ரூம்ல ஒரு பய கேக்குறான், சாமியா. 'என்ன மாப்ள, நீ இங்க இருக்கே, ஒங்க வீட்டுல அங்க காப்பர்-டி கேட்டு நிக்கிறாகளாமே'ன்னு. எட்டு பேரு முன்னாடி. நான் என்ன பதில் சொல்ல?"

வராந்தாவில் கேட்ட கேள்வி குவைத்துக்குப் போய்ச் சேர இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

"என் பொண்டாட்டிக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்குன்னு சொல்லுங்க."

"கண்ணுக்குத்தான் லேசர் வச்சாச்சுல்ல?"

"டாக்டர் சொன்னதை எல்லாம் வாய்ஸ் மெசேஜ்ல பேசி அனுப்புனேனே. நாலு நிமிசம். கேட்டீங்களா?"

"முழுசாக் கேக்கல. டூட்டில இருந்தேன்."

"நாலு நிமிசம் மச்சான்."

"சரி, இப்பச் சொல்லு."

சொன்னாள். இரண்டு கண்ணும் என்றாள். புள்ளைத்தாய்ச்சியானால் முத்திவிடும் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான். முடித்ததும் சொன்னான்: "சுகரைக் கொறைச்சுக்க. வாயைக் கட்டு. தானா சரியாயிரும். பிள்ளை அல்லா குடுக்கறது, அதை நாம தடுக்கலாமா?"

"கண்ணும் அவன் குடுத்ததுதான்."

"எதுக்கெடுத்தாலும் பேச்சு."

"சரி, நான் எதுவும் வைக்கல. நீங்க காண்டம் போட்டுக்கிறேன்னு சொல்லுங்க."

"கட்டுன பொண்டாட்டிகிட்ட அதையா?"

"போன லீவுலயும் இப்படித்தான். ஒரு வாரம் போட்டீங்க. அப்புறம் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னீங்க. ஆச்சு. நீங்க பிளேன் ஏறிட்டீங்க. மூணாம் மாசம் ரத்தத்துல கெடந்தது நான்."

"நான் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாதே. வந்து பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவளுக்குக் கை நடுங்கியது. நடுக்கம் கோபத்தாலா, சுகர் இறங்கியதாலா என்று தெரியாமல் சோதித்துப் பார்த்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு. கோபம்தான்.

மாத்திரையை விடாமல் போட்டாள். வேறு வழி தெரியவில்லை. சனிக்கிழமை தலைவலி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கழுத்துவரை இறங்கியது. அட்டையோடு மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தாள். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. வலது கண்ணருகே வைத்துப் பார்த்தும் வரி கலங்கியது. வாசலில் எழுதிக்கொண்டிருந்த ஹுமாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். ஹுமாவுக்கு எட்டு வயது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"கீழ்க்கண்ட நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆ... ஆலோசனை இன்றி இம்மாத்திரையை உட்கொள்ளக் கூடாது. உயர் ரத்த அழுத்தம். நீ-ரி-ழி-வு..." நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "உம்மா, நீரிழிவுன்னா சுகர்தானே? ஸ்கூல்ல சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப ஒனக்குக் கூடாதா இது?"

சாமியா தாளை வாங்கி மடித்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். அதைத் தருகிறவளுக்கு வாசிக்க நேரமில்லை. சுகர் நாளில், சுகர் வரிசையில் நின்றவளுக்கு, சுகர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொடுத்த மாத்திரை. கண்ணைக் காப்பாற்றத்தான் அவள் அங்கே போய் நின்றாள்.

மறுநாள் காலை ஹுமாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மாமியார் சாரா உம்மாளிடம் புதுக்கோட்டைக்குப் போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லி பஸ் ஏறினாள். அறந்தாங்கியில் மாறி, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பதினோரு மணி. குடும்பநலப் பிரிவில் டாக்டர் அருள்ராணி இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நிமிராமலே பேசுகிறவர்.

"யாரு கூட வந்திருக்கா?"

"யாரும் இல்லங்க. புருஷன் குவைத்ல. அவரு கையெழுத்து இல்லாம காப்பர்-டி வைக்க மாட்டாங்கன்னு எங்க ஊர்ல சொன்னாங்க. அது நெசமான்னு கேக்கத்தான் வந்தேன்."

டாக்டர் இப்போது நிமிர்ந்தார். "எந்த ரூல்ல இருக்கு? ஒங்க ஒடம்புக்கு ஒங்க கையெழுத்து போதும்."

நோட்டையும் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். கண் டாக்டரின் குறிப்பை இரண்டு முறை படித்தார். பிரஷர் பார்த்தார், நூற்றைம்பத்தாறு. பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பினார். ஆறு குழி காலியாக இருந்தது.

"இதை யாரு குடுத்தா?"

சாமியா சொன்னாள்.

"இன்னியோட நிறுத்துங்க. கண்ணுல ரத்தக்குழாய் கெட்டிருக்கு, பிரஷரும் இருக்கு. ஒங்களுக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது. ரத்தம் கட்டிரும், பக்கவாதம்கூட வரலாம். ஒங்க மாதிரி இருக்கறவங்களுக்குப் பயமில்லாதது காப்பர்-டிதான்."

"சீழ் வச்சிரும்னாங்க."

"இப்ப ஒங்களுக்கு அங்க புண்ணோ சீழோ இருக்கான்னு பார்ப்பேன். இல்லன்னா வைப்பேன். சுகர் இருக்குங்கறதுக்காக வைக்காம இருக்கறதில்ல." பிறகு நோட்டைப் புரட்டியவரின் குரல் ஏறியது. "ஆனா இது என்ன, மூணு மாசச் சராசரி பத்து புள்ளி ரெண்டு? இன்சுலின் ஒழுங்காப் போடுறியா இல்லையா? இப்படி வச்சுக்கிட்டு..."

"திட்டாதீங்க டாக்டர்."

அவள் கத்தவில்லை. ஆனாலும் அறையிலிருந்த இன்னொரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் திட்டியாச்சு. மாத்திரை குடுக்கறவங்க திட்டுவாங்க, பிரசவ வார்டுல திட்டுவாங்க, வீட்டுல திட்டுவாங்க. எனக்குச் சுகர் வந்து எட்டு வருஷம் ஆச்சு. மாசாமாசம் போறேன். புள்ளை பெத்துக்கப் போறியா, இல்லையா, எப்போன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. வயித்துல வந்தப்புறம் கார்டு போடப் போனா, 'சுகரை வச்சுக்கிட்டு ஏன் உண்டானே'ங்கறாங்க. முன்னாடி சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். நாற்காலியைக் காட்டினார். பிறகு, திட்டாமல், சொன்னார். பிள்ளையின் இதயமும் முதுகெலும்பும் முதல் ஏழெட்டு வாரத்திலேயே உருவாகிவிடும்; அதனால் உண்டாவதற்கு முன்பே இரண்டு மூன்று மாதம் சுகர் கட்டுக்குள் இருக்க வேண்டும். உண்டான பிறகும் வாரம் ஒரு முறை பார்த்து ஊசியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். எட்டாம் மாதத்திலிருந்து இன்னும் கவனமாகப் பார்த்து, தேவைப்பட்டால் தேதிக்கு முன்பே எடுத்துவிடலாம்.

"அப்படிச் செஞ்சிருந்தா எம்புள்ள இருந்திருப்பானா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

"தோணுறதைச் சொல்லுங்க."

"இருந்திருக்க நெறைய வாய்ப்பு உண்டு."

சாமியா அழவில்லை. இந்த நாலு வருஷமாக அவள் தனியாக அழுதது எல்லாம் வேறொரு காரணத்துக்காக. 'வாயைக் கட்டத் தெரியாதா ஒனக்கு' என்று பிரசவ வார்டில் ஒருத்தி கேட்டாள். நோன்பு திறக்கும்போது அவள் தின்ற பேரீச்சம்பழம்தான் பிள்ளையைக் கொன்றது என்று மாமி ஊரெல்லாம் சொன்னாள். அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு ஒரு பேரீச்சம்பழத்தைக் கையால் தொட்டதில்லை. சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பழி மட்டும் அவள் வாய்மேல்.

காப்பர்-டி வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வலித்தது, பெரிதாக இல்லை. முதல் சில மாதம் தீட்டு கூடப்போகும், பயப்பட வேண்டாம், எப்போது வேண்டுமென்றாலும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பிரஷருக்கு மாத்திரை எழுதி, இன்சுலின் அளவை மாற்றி, இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். படிவத்தில் ஓர் இடத்தில்தான் கையெழுத்து இருந்தது. சாமியா தன் பெயரை முழுதாக எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் மறைக்கவில்லை. சாரா உம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சுகர்தான். வலது கால் கட்டைவிரல் போய் மூன்று வருஷமாகிறது.

"வச்சிட்டு வந்துட்டேன் மாமி."

முறம் நின்றது. "அவன் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? ஊரே சிரிக்குது. மீரா சாகிபு வீட்டுல என்கிட்டயே கேட்டாக, 'மருமகளுக்கு என்ன தேவை'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? எந்திரிச்சு வந்துட்டேன்."

"கண்ணு போகுதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

சாரா உம்மாள் வேறு ஒன்றைச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். "ஒத்தப் பொட்டப்புள்ளையோட நிக்கிறே புள்ள. நாளைக்கு அவன் இன்னொண்ணு கட்டுறேம்னு நின்னா நான் தடுக்க முடியுமா?"

"கட்டட்டும். அவளுக்காச்சும் கண்ணு நல்லா இருக்கான்னு பாத்துக் கட்டச் சொல்லுங்க."

"என்ன பேச்சு இது?"

"தௌஹீதைப் பேரீச்சம்பழம் கொல்லல மாமி. சுகரைக் கொறைச்சிட்டு உண்டாகணும்னு யாரும் எனக்குச் சொல்லல. ஒங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டாங்க, ஒங்களை நான் குத்தம் சொல்லல. ஆனா இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது."

சாரா உம்மாள் முறத்தை எடுத்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. மருமகளிடம் வேறு எதுவும் பேசவும் இல்லை, மூன்று நாளைக்கு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாமியா சுகாதார நிலையத்துக்குப் போனாள். வரிசையில் நிற்கவில்லை. நேராக ரஞ்சிதாவின் மேசைக்குப் போய், மாத்திரை அட்டையை அவள் முன்னால் வைத்தாள்.

"இது எனக்கு ஆகாதாம். பக்கவாதம் வருமாம். புதுக்கோட்டை டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க, பாருங்க."

"கொஞ்சம் இரும்மா, வரிசை..."

"போன செவ்வாக்கெழமை வரிசையிலதான் கேட்டீங்க, எதுக்கு காப்பர்-டின்னு. வரிசையிலயே நானும் கேக்குறேன். புருஷன் கையெழுத்து வேணும்னு எந்தத் தாள்ல இருக்கு? எடுத்துக் காட்டுங்க."

பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து மேசைப் பக்கம் வந்தார்கள்.

"நான் ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன். நாளைக்கு ஒன் புருஷன் வந்து எங்களை சட்டையப் புடிச்சா?" ரஞ்சிதாவின் குரலில் உண்மையாகவே பயம் இருந்தது. "போன வருஷம் ஒருத்தன் அப்படித்தான் வந்து நாற்காலிய ஒடச்சான். ஒனக்கென்ன தெரியும்?"

"அவன்மேல கேஸ் குடுத்திருக்கணும். என்னை ஏன் பேசுனீங்க? நான் கேட்டது ரெண்டு நாள்ல குவைத்துக்குப் போயிருச்சு. என் வீட்டுக்காரரு ரூம்ல சிரிக்கிறாங்க. நோயாளி கேட்டதை நடுவராந்தாவுல வச்சுக் கேட்டது யாரு?"

சத்தம் கேட்டு டாக்டர் உள்ளேயிருந்து வந்தார். பயிற்சி முடித்து அங்கே வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "உக்காருங்கம்மா, உள்ள வந்து பேசுவோம்" என்றார்.

"உள்ள வேணாம் சார். அன்னிக்கு உள்ள கூப்பிட்டிருந்தா இன்னிக்கும் உள்ள வந்திருப்பேன்."

"சரி, கம்ப்ளைண்ட் இருந்தா எழுதிக் குடுங்க."

அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னார். சாமியா தாள் கேட்டாள். பெஞ்சின் ஓரத்தில் இடம் விட்டார்கள். பார்வை மங்கியதால் பெரிய பெரிய எழுத்தாக, ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்த பெண் மெதுவாகக் கேட்டாள். சொர்ணவல்லி என்று பெயர். முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவள், மூன்று பிள்ளைகள். "ஏக்கா, எனக்கும் சுகர்தான். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் போனேன், சுகர் கூட இருக்கு, கொறைச்சிட்டு வான்னுட்டாக. கொறைய மாட்டேங்குது. அதுவரைக்கும் என்ன செய்யணும்னு சொல்லல. காப்பர்-டி எனக்கும் வைப்பாகளா?"

"பாத்துட்டு வைப்பாங்க. வர்ற திங்க விட்டு அடுத்த திங்கக்கெழமை நான் புதுக்கோட்டைக்குப் போறேன். வாரீங்களா?"

"வாரேன்" என்றாள் சொர்ணவல்லி. பிறகு ரஞ்சிதா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை "வாரேன்" என்றாள்.

அந்த மனுவுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ரஞ்சிதா அதே மேசையில்தான் இருக்கிறாள். சாமியாவின் முறை வந்தால் மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறாள்.

இருபதாம் தேதி வாஜித் வந்தான். இரண்டு பெட்டி, ஹுமாவுக்குச் சைக்கிள் வாங்கித் தருகிற வாக்கு, அம்மாவுக்குத் தைலம். சாமியாவுக்கு வாசனைத் திரவியமும் ஒரு கிலோ சாக்லேட்டும். சாக்லேட்டை நீட்டியபோது அவனுக்கே உறைத்துக் கையை இழுத்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது அவன் ஆரம்பித்தான்.

"அதை எடுத்துட்டு வந்துரு."

"எடுக்க மாட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். வந்து பாத்துக்கலாம்னீங்க. போன தடவையும் வந்துதான் பாத்தீங்க."

"நான் ஆம்பளை, எனக்கு ஒரு மரியாதை வேணாமா? ஊர்ல தலைகாட்ட முடியல. ஒரு ஆம்பளப் புள்ள வேணும்னு நெனைக்கிறது தப்பா?"

அவள் அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாலு வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"ஒங்களுக்கு ஆம்பளப் புள்ள இருந்தான். வீடியோல பாத்தீங்க. மூணு நிமிசம். நெட்வொர்க் போச்சு, டூட்டிக்குப் போயிட்டீங்க. நான் அவனைப் பெத்தேன். செத்துட்டான்னு தெரிஞ்சு, எட்டு மணி நேரம் முக்கிப் பெத்தேன். பக்கத்துக் கட்டில்ல பொறக்குற புள்ள எல்லாம் அழுவுது. என் புள்ள அழுவல. தோள் சிக்கிக்கிச்சு, ரெண்டு பேரு இழுத்தாங்க. பால் கட்டி நாலு நாள் காய்ச்சல். ஒங்கம்மா பேரீச்சம்பழம்னாங்க. நீங்க போன்ல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? 'அடுத்த லீவுல பாத்துக்கலாம்'னீங்க."

வாஜித் நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்குப் புள்ள வேணாம்னு யாரு சொன்னா? வேணும். சுகர் கட்டுக்குள்ள வரட்டும், கண்ணு ஒரு நிலையில நிக்கட்டும். அப்பவும் எனக்கு வேணும்னு இருந்தா நானே போயி எடுத்துருவேன். அது நான் சொல்ற நாள்லதான். நீங்க லீவு எடுக்கற நாள்ல இல்ல."

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அஸர் தொழுகைக்குப் பிறகு அவனை, தௌஹீதை அடக்கியிருந்த கபர்ஸ்தானில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு வாரம் கூடத்தில் படுத்தான். பிறகு உள்ளே வந்தான். எடுத்துவிடு என்று மறுபடி கேட்கவில்லை. மதுரைக்குக் கண் பார்க்கப் போனபோது கூடவே வந்தான். டாக்டர் காட்டிய படத்தை வெகுநேரம் பார்த்தான். சாமியாவுக்கு இதெல்லாம் தெரிந்தது. தெரிந்தும் அவள் மனது இளகவில்லை. நாலு நிமிடத்தில் கேட்டு முடித்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு மதுரை வரை வரவேண்டியிருந்தது.

லீவு முடிந்து கிளம்புகிற அன்று, பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே அவன் சொன்னான்:

"சாமியா, ஊர்ல யாராச்சும் கேட்டா நான்தான் போடச் சொன்னேன்னு சொல்லிரு. நானும் ரூம்ல அப்படியே சொல்லிக்கிறேன். பேச்சு நின்னு போயிரும்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அவளுக்கும் அது புரிந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் எல்லாம் எவ்வளவு சுலபமாகிவிடும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம். மீரா சாகிபு வீட்டில் வாயை மூடிக்கொள்வார்கள். ரஞ்சிதாகூட, அதான் அன்னிக்கே சொன்னேன், வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வான்னு, என்பாள்.

அதை நினைத்ததும் அவளுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

"நான்தான் போட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க."

"அதில்ல புள்ள, ஒனக்காகத்தான்..."

"எனக்குச் சுகர். என் கண்ணு. நான் பஸ் ஏறிப் போனேன், நான் கையெழுத்துப் போட்டேன். அதைச் சொல்ல ஒங்களுக்கு வாய் வரலன்னா, ஒண்ணுஞ் சொல்லாதீங்க. நீங்க சொன்னதா மட்டும் சொல்லாதீங்க."

திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகிற கார் வாசலில் ஹாரன் அடித்தது. வாஜித் அவளை நிமிர்ந்து பார்த்தான். தலையை ஆட்டினான். ஹுமாவைத் தூக்கி முத்தம் கொடுத்தான். அம்மாவிடம் துஆ வாங்கிக்கொண்டான். பெட்டியை டிக்கியில் வைக்கும்போது எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து அவனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான் என்று வாசற்படியில் நின்ற அவளுக்குக் கேட்கவில்லை.

கார் ரோட்டில் திரும்பும்வரை நின்றாள். சாப்பாட்டுக்கு முந்திய ஊசி போட நேரம் தாண்டியிருந்தது. உள்ளே போனாள்.